வாசிப்பு எங்கே ஒட்டியது, எங்கே விட்டுப்போனது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சாக்பீஸ்

ஆங்கிலப் பாடம் எடுக்கிறவன் நான். புத்தகக் காதல் பற்றி எவ்வளவோ பேசியாயிற்று, ஆனால் ஒரு பையன் திருப்பிக் கொடுத்த புத்தகம் மட்டும் மண்டையைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறது.

எட்டாம் வகுப்பு. வகுப்பு அலமாரியிலிருந்து கடல் பயண நாவல் ஒன்றைத் தானாகவே கேட்டு எடுத்துப் போனான். நான் எதுவும் சொல்லவில்லை, கெட்டி அட்டை, நல்ல படம், அவனாக ஆசைப்பட்டது. திருப்பிக் கொடுக்கும்போது "முடிச்சிட்டியா?" என்றேன். "ம், சார்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான்.

அப்புறம் சும்மா புரட்டினேன். முதல் பக்கம் முழுக்கப் பென்சில். ஆங்கிலச் சொற்களின் தலைக்கு மேல் பொடி எழுத்தில் தமிழ் அர்த்தம், வரிக்கு ஒன்றிரண்டு. இடம் போதாத இடத்தில் ஓரத்துக்குக் கோடு இழுத்து அங்கே எழுதியிருந்தான். முதல் பக்கத்தில் அர்த்தம் எழுதிய சொல்லுக்கே மூன்றாம் பக்கத்திலும் மறுபடி எழுதியிருந்தான், ஐந்தாம் பக்கத்திலும். பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வாக்கியத்தின் நடுவில் பென்சில் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கடைசிவரை புத்தகம் புத்தம் புதுசு.

"இந்தக் காலத்துப் பிள்ளைகள் படிப்பதில்லை" என்று ஆசிரியர் அறையில் யாராவது ஆரம்பித்தால் எனக்கு அந்தப் பதினொன்றரைப் பக்கம்தான் ஞாபகம் வருகிறது. சோம்பேறி செய்கிற வேலையா அது? கணக்கு எளிது. ஹூ, நேஷன் என்ற இரு மொழியியலாளர்கள் 2000இல் செய்த ஆய்வு எங்கள் வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். உதவி இல்லாமல் ஒரு கதையைப் புரிந்து படிக்க, நூற்றுக்குச் சுமார் 98 சொற்கள் முன்பே தெரிந்திருக்க வேண்டும். எண்பதுதான் தெரியும் என்றால், அந்த ஆய்வில் ஒருவருக்குக்கூடப் போதிய அளவு புரியவில்லை. 250 சொல் உள்ள பக்கத்தில் ஐந்து புதிய சொல் இருந்தால் தாங்கலாம். இவன் பக்கத்துக்கு நாற்பதைச் சுமந்துகொண்டு பன்னிரண்டாம் பக்கம்வரை வந்திருக்கிறான்.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

கடைசி வரிசை

நான் ஆசிரியர் இல்லை, எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவன்.

துணைப்பாடம் நடக்கும் விதம் தெரியும்தானே? ஆளுக்கு ஒரு பத்தி, எழுந்து நின்று சத்தமாக வாசிக்க வேண்டும். முதல் ஆள் ஆரம்பித்ததுமே நான் விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிடுவேன். எனக்கு முன்னால் எத்தனை தலை, எனக்கு எந்தப் பத்தி. அதை மட்டும் உதட்டுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பேன். மற்றவர்கள் வாசிப்பது காதிலேயே விழாது.

ஒரு நாள் எனக்கு முந்தின பையனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "நீ உட்காரு, அடுத்தவன் படி" என்றார் சார். நான் எழுந்து, தயார் செய்து வைத்திருந்த பத்தியைத் தங்குதடை இல்லாமல், ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். அருமையாக வாசித்தேன் என்றே சொல்லலாம். ஒரு பத்தி தள்ளி வாசித்துவிட்டேன், அவ்வளவுதான். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

அந்தக் கதையில் யாரோ ஒரு கிழவர் வருவார், ஒரு கடிதம் வரும். என்ன கதை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அகராதிப் பிரியன்

சாக்பீஸ் சார், பென்சிலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். நான் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்து வளர்ந்தவன்தான். முதல் ஆங்கில நாவலை முடித்தபோது அகராதியின் முதுகு கிழிந்து, 'எஸ்' எழுத்துப் பக்கங்கள் தனியாக வந்துவிட்டன. அதுதான் என் அனுபவம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். யாரும் கேட்கவில்லை என்றாலும் படிக்கிறவர்களுக்குப் பயன்படும். தெரியாத சொல்லைக் கண்டதும் நிற்காதீர்கள், கீழே ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். அத்தியாயம் முடிந்ததும் திரும்பிப் பாருங்கள், மூன்று முறை புள்ளி வாங்கிய சொல்லுக்கு மட்டும் அர்த்தம் தேடினால் போதும். மற்றதெல்லாம் வழிப்போக்கர்கள், மறுபடி வரும்போது பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது, தமிழில் ஏற்கெனவே படித்த கதையின் ஆங்கிலப் பதிப்பை எடுங்கள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பதால் மனம் சொல்லில் மட்டும் நிற்கும். பிடித்த எழுத்தாளர் கிடைத்துவிட்டால் அவரையே நாலைந்து புத்தகம் தொடருங்கள். எழுதுகிறவருக்கென்று ஒரு சொல் வட்டம் உண்டு, இரண்டாவது புத்தகத்திலேயே அது பழகிவிடும். பிடிக்காத புத்தகத்தை முடித்தே தீருவேன் என்று வீம்பு வேண்டாம்.

அப்புறம் நேரம். வளர்ந்தவர்கள் ஆங்கிலத்தை மௌனமாக வாசிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொல் என்று 2019இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. அது தகவல் நூல்களுக்கு. நாம் இரண்டாம் மொழியாகப் படிக்கிறவர்கள், 150 என்றே வைத்துக்கொள்ளுங்கள். தினம் 15 நிமிடம் என்றால் 2,250 சொல். வருடத்துக்கு எட்டு லட்சத்துக்கு மேல். சாதாரண நாவல் எண்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் சொல் இருக்கும், ஆக எட்டுப் பத்து நாவல் முடிந்துவிடும். நேரமில்லை என்பவர்கள் இந்தக் கணக்கை எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளலாம். படிக்கும்போது போன் அடுத்த அறையில் இருக்கட்டும், இது மிக முக்கியம்.

கடைசி வரிசை

அதெல்லாம் சரி அண்ணா. சார், அந்தப் பையனுக்கு அடுத்து என்ன கொடுத்தீர்கள்?

சாக்பீஸ்

பென்சிலை நான் குறை சொல்லவே இல்லை, மறுபடி படித்துப் பாருங்கள் பிரியன்.

கொடுத்தது தரம் பிரித்த வாசிப்பு நூல். ஆயிரம் அடிப்படைச் சொற்களுக்குள் சுருக்கி எழுதியது, அதுவும் கடல் கதைதான். அவன் அட்டையைப் பார்த்தான், பின்னால் திருப்பி அந்த 'இரண்டாம் நிலை' முத்திரையைப் பார்த்தான். "சார், இது சின்னப் பசங்க புக்கு" என்று மேசையில் வைத்துவிட்டான். படிக்க முடிகிற புத்தகம் கௌரவக் குறைச்சல், கௌரவமான புத்தகம் படிக்க முடியவில்லை. நான் இப்போது நிற்கிற இடம் இதுதான்.

அகராதிப் பிரியன்

முத்திரை தெரியாமல் காக்கி அட்டை போட்டுக் கொடுங்கள் சார். அலமாரியில் உள்ள எல்லாவற்றுக்கும் போட்டுவிடுங்கள், யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

நூலகத் தூசி

நான் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். கௌரவப் பிரச்சினை பிள்ளைகளைவிடப் பெற்றோருக்குத்தான் அதிகம்.

ஒரு அப்பா, கூடவே நாலாம் வகுப்பு படிக்கிற மகள். தரையில் உட்கார்ந்து சித்திரக்கதை ஒன்றில் மூழ்கிவிட்டாள். அவர் வந்து அதை வாங்கி வைத்துவிட்டுப் பொது அறிவுக் களஞ்சியத்தைக் கையில் கொடுத்தார். "படம் பார்க்கிறதும் படிக்கிறதுதான் சார்" என்று சொல்லிப் பார்த்தேன். "படம் பார்க்கவா இங்க கூட்டிட்டு வந்தேன்?" என்றார். நூலகவியல் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இலேயே நூலகத்துக்கு ஐந்து விதி எழுதி வைத்துவிட்டார். இரண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவரவர் நூல். அவரவர் அப்பாவின் நூல் என்று எங்கும் எழுதவில்லை.

அன்று மாலை அடுக்கும்போது, கலைக்களஞ்சிய வரிசையில் ஒரு தொகுதி மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. பின்னால் கை விட்டால் அந்தச் சித்திரக்கதை! யாரும் எடுத்துப் போய்விடக் கூடாது என்று ஒளித்து வைத்திருக்கிறாள். படித்த இடத்தில் தலையில் மாட்டுகிற கிளிப்பைச் செருகியிருந்தாள்.

இடம் மாறிய புத்தகத்தை எடுத்து உரிய இடத்தில் வைப்பதுதான் என் வேலை. வைக்கவில்லை. தொகுதியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, துருத்தாமல் சரி செய்துவிட்டு வந்தேன்.

ராத்திரி வண்டி

போனை அடுத்த அறையில் வைக்கச் சொன்னவருக்கு ஒரு வார்த்தை. என் புத்தகமே போனில்தான் இருக்கிறது ஐயா.

வேலை முடிந்து வரும்போது ரயிலில்தான் படிப்பேன். நாவலில் அம்மா சாகிற இடம். எனக்குக் கண் கலங்கி எழுத்து மங்குகிறது. பக்கத்து இருக்கைப் பெரியவர் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எதிரில் இருந்தவரிடம் "எப்பப் பாரு அதையே நோண்டிக்கிட்டு... ஒரு புஸ்தகம் படிக்கக் கூடாதா இதுங்க?" என்றார். அவர் கையில் நாலாக மடித்த செய்தித்தாள், புதிர்க் கட்டம் பக்கம். என்ன பதில் சொல்வது? மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த பக்கம் தள்ளினேன்.

தாளா திரையா என்று 2018இல் 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். கதை வாசிப்பில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. எனவே அறிவுரையை நிறுத்தி வைக்கலாம்.

அகராதிப் பிரியன்

அதே தொகுப்பாய்வில் தகவல் நூல்களுக்கும், நேரம் குறித்துப் படிப்பதற்கும் தாள்தான் மேல் என்று வந்திருக்கிறது, அதை விட்டுவிட்டீர்கள் தம்பி. பாடம் படிக்கிற பிள்ளைகளுக்கு அதுதானே முக்கியம்? உங்களுக்குக் கண் கலங்கியது சந்தோஷம். நான் சொன்னது நடுநடுவே டிங் டிங் என்று வந்து விழுகிற செய்திகளை. அவற்றை நிறுத்தி வைத்துப் படிக்கிறீர்கள் என்றால் நமக்குள் சண்டையே இல்லை.

ராத்திரி வண்டி

நிறுத்தி வைத்துத்தான் படிக்கிறேன். முதலில் கேட்டிருக்கலாம்.

சிவப்பு மை

நானும் ஆங்கிலம்தான் எடுக்கிறேன். தாளா போனா என்பதை நீங்கள் பேசி முடியுங்கள், எங்கள் வகுப்பில் வாசிப்பைக் கொல்வது வேறு ஒன்று.

பாடத்தில் இல்லாத ஒரு சிறுகதையைப் பிரதி எடுத்துக் கொடுத்தேன், வயதான நாய் ஒன்றைப் பற்றியது. வகுப்பில் அப்படி ஓர் அமைதி நான் பார்த்ததில்லை. முதல் வரிசைப் பெண் ஒருத்தி கடைசிப் பக்கத்தில் தாளை முகத்துக்குக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டாள், அழுவது தெரியக் கூடாதாம். முடித்ததும் கண்ணைத் துடைத்த கையோடு பேனாவை எடுத்தாள். "டீச்சர், இதுல எது எது கேள்வியா வரும்? கோடு போட்டுக்கிறேன்."

"கேள்வியே வராது" என்றேன். பேனாவை மூடினாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திருப்பினாள்.

பின்னாலிருந்து ஒரு பையன், "மார்க்குக்கு இல்லன்னா எதுக்கு டீச்சர் கொடுத்தீங்க?" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் திரும்பிப் பார்க்காமலேயே, "படிக்கிறதுக்குடா" என்றாள்.

அவன் நம்பவில்லை. பரீட்சைக்கு முந்தின நாள்வரை அந்த நாய்க் கதைக்கு வினா விடை கேட்டு என்னைத் துரத்திக்கொண்டிருந்தான்.