வெஸ்டர்ன் டாய்லெட் அடியில் கசிகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

அம்மாவுக்கு முழங்கால் வலி என்று நான்கு மாதம் முன்னால் இந்தியன் டாய்லெட்டை எடுத்துவிட்டு வெஸ்டர்ன் வைத்தோம். இப்போது ஃப்ளஷ் செய்தாலே அடியில் டைல்ஸ் ஓரமாகத் தண்ணீர் வருகிறது. டேங்கும் ஹோஸும் ஒழுகுகிறதோ என்று நன்றாகத் துடைத்து வைத்துவிட்டு, டேங்கில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்து ஃப்ளஷ் செய்து பார்த்தேன். மேலே எங்கும் ஈரமில்லை, ஆனால் இரண்டே நிமிடத்தில் அடியிலிருக்கும் வெள்ளை சிமெண்ட் விரிசல் வழியாக நீலம் எட்டிப் பார்த்தது.

தரையில் இருக்கும் பைப்பின் மையம் சுவரிலிருந்து 12 இன்ச், நாங்கள் வாங்கியதோ 9 இன்ச் எஸ்-டிராப் (கழிவு தரை வழியாக இறங்கும் வகை; அதன் வாய் சுவரிலிருந்து 9 இன்ச்சில் வரும்). பின்னால் இடைவெளி விழக்கூடாதென்று பிளம்பர் அதைச் சுவரோடு தள்ளி, தரை பைப்பும் டாய்லெட்டின் வாயும் நேராக இல்லாமலேயே சிமெண்டைப் பூசிவிட்டுப் போய்விட்டார். இரண்டையும் கசியாமல் இணைக்கும் பான் கனெக்டர் போட்ட மாதிரியே தெரியவில்லை. ஸ்க்ரூவும் கிடையாது, உட்கார்ந்தால் லேசாக ஆடுகிறது. கேட்டால் "சிலிக்கான் அடிச்சா நின்னுடும் சார்" என்கிறார். வெளியே அடைத்தால் தண்ணீர் உள்ளேயே இறங்காதா? கீழ் வீட்டு சீலிங்கில் ஏற்கெனவே தட்டு அளவுக்கு ஈரம், அவர் நல்ல மனிதர், இன்னும் சண்டைக்கு வரவில்லை.

சிமெண்டில் ஒட்டியதை உடையாமல் கழற்ற முடியுமா? 3 இன்ச் வித்தியாசத்துக்கு ஆஃப்செட் கனெக்டர் (மையம் விலகியிருந்தாலும் இணைக்கும் கனெக்டர்) தாங்குமா, அடைப்பு வருமா? இல்லை, சுவரை விட்டு 3 இன்ச் முன்னால் வைப்பதுதான் சரியா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அதுவரை அம்மா பக்கத்து வீட்டுக்குத்தான் போய் வருகிறார்.