சூட்டியை ராத்திரியில் வீட்டுக்குள் படுக்க வைக்கலாமா? அம்மா சம்மதிக்கிறார் இல்லை

சூட்டிவீட்டுப் பிள்ளை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மலையகத்தில் நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம், இன்னும் லயத்தில்தான் (தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய வீடுகள்). அம்மா, நான், அண்ணன் மகள் ஒருத்தி. அவளுக்கு நாலு வயசு. அவளைப் பெற்றவர்கள் இரண்டு பேரும் வெளிநாட்டில் வேலை. நாலாவது ஆள் சூட்டி, எங்கள் நாய்.

சூட்டிக்கு ஆறு வயசு. செம்மண் நிறம், இடது காது நுனி மடங்கியிருக்கும். அப்பா தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போன மலையில் கானுக்குள் (வடிகாலுக்குள்) நனைந்து கிடந்த குட்டி. படங்குச் சாக்கில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். அப்பா தவறி வருகிற ஆவணியோடு இரண்டு வருஷம். கருமாதி முடியும் வரைக்கும் விடிய விடிய இவள் தனியாகப் பிரட்டுக்களத்துக்கு (காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற இடம்) போய், எல்லாரும் மலைக்குப் பிரிந்த பிறகு திரும்பி வருவாள். கணக்குப்பிள்ளை ஐயா கூட அதைப் பார்த்துக் கண் கலங்கினார். இப்போது அம்மாவோடு போகிறாள். அம்மா ஓய்வுபெற்றுச் சேவைக்காலப் பணம் எடுத்துவிட்டாலும் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போவார். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நிறுவை முடியும் வரை சூட்டி கூடைக்குப் பக்கத்தில் இருப்பாள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை ராத்திரி நல்ல மழை, தகரத்தில் விழுந்த சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை. விடிந்து பார்த்தால் எதிர் லயத்து நாயைக் காணோம். கொய்யா மரத்தில் சங்கிலி மட்டும் தொங்குகிறது. கழுத்துக்குக் கட்டியிருந்த பழைய இடுப்புவார் அறுந்து கிடக்கிறது. கான் ஓரத்துச் சேற்றில் கால் தடம், நகம் பதியாத அகலமான தடம். புலிதான் என்று பெரியவர்கள் சொன்னார்கள் (எங்கள் பக்கம் சிறுத்தையைத்தான் புலி என்போம்). அந்த வீட்டுப் பையன் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு இஸ்தோப்பிலேயே (முன் திண்ணையில்) உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு ஸ்கூலுக்குப் போகவில்லை.

அன்று ராத்திரி சூட்டி கதவைப் பிறாண்டினாள். நான் திறந்த உடனே கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டாள். விலாவில் கை வைத்துப் பார்த்தேன், இதயம் அப்படி அடித்தது. கை எடுக்க மனசு வரவில்லை, தரையிலேயே படுத்துவிட்டேன்.

காலையில் அம்மா சத்தம் போட்டார். "நாயி காவலுக்குத்தான் தாயி. சாமி மாடம் இருக்கிற வீட்டுக்குள்ள எப்படிப் படுக்க வைக்கிறது? புள்ளைக்கு வேற மூச்சு இழுப்பு." மாமா வந்து, மேல் டிவிசனில் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார். அம்மாவுக்குப் பாசம் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். குழம்பில் மிளகாய்த்தூள் போடுவதற்கு முன்னமே அவளுக்கு ஒரு அகப்பை எடுத்து வைப்பவர் அம்மாதான். ஆனால் பாசம் வேறு, வீட்டுக்குள் விடுவது வேறு என்பது அவருடைய எண்ணம்.

எங்களுக்கு இருப்பது பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா ஒன்று, பின்னால் குசினி. இதில் நாயை வைத்திருந்தால் பிள்ளைக்கு நோய் வருமா? அம்மாவிடம் எப்படிப் பேசுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒவ்வொரு ராத்திரியும் எனக்குத் தூக்கம் இல்லை.

மருந்துப்பெட்டி எழுதியது:

தங்கச்சி, நான் வைத்தியர் இல்லை. கால்நடை வைத்திய அலுவலகம் ஒன்றில் பதினொரு வருஷமாக வேலை செய்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலாவது, இன்றைக்கு ராத்திரியிலிருந்து சூட்டியை வெளியில் கட்ட வேண்டாம். அவிழ்த்துவிட்ட நாய் ஓடிப் பதுங்கும். கட்டிப்போட்ட நாய்க்கு அந்த வழியும் இல்லை. ஒரு தடவை நாய் கிடைத்த இடத்துக்குப் புலி மறுபடியும் வரக்கூடும்.

பிள்ளைக்கு நோய் வருமா என்று கேட்டீர்கள். நாய் வாசலில் படுத்தாலும் உள்ளே படுத்தாலும் விசர்நாய்த் தடுப்பூசி வருஷத்துக்கு ஒரு தடவை கட்டாயம் போட வேண்டும். சுகாதாரப் பகுதியினர் இலவசமாகவே போடுகிறார்கள். உங்கள் பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எப்போது வருகிறார்கள் என்று கேளுங்கள், அட்டையைப் பத்திரமாக வையுங்கள். எந்த நாய் கடித்தாலும் பிறாண்டினாலும் சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள் பூசுவது, கோப்பித்தூள் வைப்பது எல்லாம் வேண்டாம். விசர் நோய்க்குறி வெளியில் தெரிந்த பிறகு மனுசரைக் காப்பாற்ற முடியாது.

அடுத்தது பூச்சி மருந்து. நாயின் நிறைக்கு ஏற்ற அளவில் மூன்று மாசத்துக்கு ஒரு தடவை. நாயின் வயிற்றுப் புழுவின் முட்டை மண்ணில் கிடந்து சின்னப் பிள்ளைகளின் கை வழியாக வாய்க்குப் போகும். மண்ணில் விளையாடிவிட்டு வந்தால் கை கழுவுகிற பழக்கம் உங்கள் மருமகளுக்கு வந்துவிட்டாலே பாதிப் பயம் போய்விடும். உண்ணி இருக்கிறதா என்று காதுக்குள்ளும் கால் விரல் இடுக்கிலும் தடவிப் பாருங்கள். ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தை உண்ணிக்கென்று நாய் மேல் பூசாதீர்கள். வாயில் நுரை தள்ளிய நாய்களை எங்களிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். எல்லாவற்றையும் காப்பாற்ற முடிந்ததில்லை.

இழுப்பு விஷயத்தில் அம்மா சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். நாயின் தோலிலிருந்து உதிர்கிற பொடி சில பேருக்கு ஒத்துக்கொள்ளாது. எல்லாருக்கும் அப்படி இல்லை, விறகு அடுப்புப் புகையும் ஈரச் சுவரும் கூடக் காரணமாக இருக்கலாம். பிள்ளை படுக்கிற காம்பராவில் வேண்டாம், குசினியில் படுக்கட்டும். கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் நாய் இருக்கிறது என்பதை டொக்டரிடம் சொல்லுங்கள். நாய் உள்ளே வந்த பிறகு பிள்ளைக்கு இழுப்புக் கூடினால் வேறு வழி பார்க்கத்தான் வேண்டும்.

மஸ்கெலியா மூங்கில் எழுதியது:

அக்கா, எங்கள் வீட்டு டைகருக்கு மூன்று கால்தான். காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் முன்னங்கால் மாட்டி இரண்டு நாள் காட்டுத் தொங்கலில் கிடந்தான். எட்டு வீட்டு ஆட்கள் டோர்ச் எடுத்துக்கொண்டு தேடினோம். பேராதனை கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டியிருந்தது. பஸ்ஸில் ஏற்றவில்லை, லொறிக்கார அண்ணன் ஒருவர் கம்பளைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றிக்கொண்டு போகிறவர், முட்டைக்கோவா மூட்டைகளுக்கு நடுவில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். காலை எடுத்துவிட்டார்கள். இப்போது என்னோடு தண்ணீர் பிடிக்கிற பீலி வரைக்கும் நொண்டி நொண்டி வருவான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் பக்கம் ஆட்கள் இப்போது கோபத்தில் இருப்பார்கள். சுருக்கு வைப்போம், செத்த கோழியில் மருந்து வைப்போம் என்று யாராவது கிளம்புவார்கள். விடாதீர்கள். 2020 மே மாசம் நல்லதண்ணியில் கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கில் மாட்டியது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். உடவளவைக்கு வைத்தியத்துக்குக் கொண்டு போயும் 29ஆம் திகதி செத்துப்போனது. அந்தச் சுருக்கும் பன்றிக்கு வைத்ததுதான். நம் தேயிலை மலைக்கும் காட்டுக்கும் நடுவில் வேலி கிடையாது, மாணாப்புல்லுக்குள்ளே அது பாட்டுக்கு இருக்கிறது. இலங்கைச் சிறுத்தை என்ற இந்த உப இனம் இலங்கையைத் தவிர வேறெங்கும் காட்டில் இல்லை. மருந்து வைத்தால் முதலில் சாகிறது உங்கள் சூட்டியாகவும் இருக்கலாம்.

அம்மா கடைசி வரை ஒத்துக்கொள்ளாவிட்டால் இஸ்தோப்பு மூலையில் பலகையில் கூடு அடியுங்கள். தரையிலிருந்து அரை அடி உயர்த்தினால் ஈரம் ஏறாது. கதவுக்கு வெளித் தாழ்ப்பாள் போடுங்கள். கோழிக்கூட்டு வலை மட்டும் வேண்டாம், அதைப் புலி ஒரே அறையில் பிய்த்துவிடும். நல்ல தடிப்பான வெல்ட்மெஷ் வாங்குங்கள். சாப்பாட்டு மிச்சத்தை லயத்துக்குப் பின்னால் கொட்டுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். அதற்கு நாய் வரும், பன்றி வரும், அதுகளைத் தேடி மற்றது வரும்.

ஹட்டன் பழைய ஆள் எழுதியது:

மகள், உங்கள் அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

1964இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நடுவில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. நம் மலையகச் சனத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று கணக்கு. எங்கள் பெரியப்பா குடும்பத்துக்கு 1973இல் முறை வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயசு. ஹட்டன் ஸ்டேசனில் அந்தக் கோச்சி ஏறுகிற நாளில் இருந்த அழுகையை நான் எழுத்தில் கொண்டுவர முடியாது. ஒப்பாரிக் கோச்சி என்றுதான் சனம் அதைச் சொன்னது.

பெரியப்பா வீட்டில் வீரன் என்று ஒரு கறுப்பு நாய். லொறிக்குப் பின்னால் ஓடி ஸ்டேசனுக்கே வந்துவிட்டது. பெரியப்பா இரண்டு தடவை பெட்டியிலிருந்து இறங்கினார். இரண்டாவது தடவை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அண்ணன் கூட இருடா" என்று என்னைக் காட்டினார். என்னிடம் பாண் துண்டு ஒன்று தந்து, கோச்சி நகர்ந்ததும் கொடு என்றார். வீரன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிளாட்பாரம் முடிகிற வரைக்கும் ஓடியது. பாண் என் கையிலேயே நனைந்து போனது.

மூன்றாம் நாள் வந்து, பூட்டிக் கிடந்த தொங்கக் காம்பராவின் (லயத்துக் கடைசி வீட்டின்) இஸ்தோப்பில் படுத்துக்கொண்டது. அப்பாயி போய் எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தார். நாயை அடுப்படிக்கு அண்ட விடாதவர் அவர். கடைசியில் தன்னுடைய கம்பளியை எடுத்துப் போய் அதன் மேல் போர்த்திவிட்டு வந்தார். அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டுக்கு வந்தது, குசினியில் படுத்தது. ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கோத்தகிரியிலிருந்து பெரியப்பா கடிதம் போடுவார். ஊர்ச் சுகம் கேட்பதற்கு முன்னால் "வீரன் எப்படி இருக்கிறான்" என்றுதான் இருக்கும். அப்பாயி சொல்லச் சொல்ல நான்தான் பதில் எழுதுவேன். 1976இல் வீரன் செத்த பிறகும் மூன்று கடிதத்தில் "நல்லா இருக்கிறான், சாப்பிடுகிறான்" என்று எழுதச் சொன்னார் அப்பாயி. நானும் எழுதினேன்.

சாமி வீடு என்று அம்மா யோசித்தால், வைரவருக்கு நாய்தானே வாகனம் என்று சொல்லுங்கள். கோவிலுக்குள்ளேயே கூட நிற்கிறது.

சூட்டிவீட்டுப் பிள்ளை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாக எழுத முடியவில்லை.

பெரியவர் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாண் துண்டு வருகிற இடத்தில் அம்மா கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். அம்மாவின் மூத்த அக்காவும் அந்தக் கோச்சியில் போனவர் என்பதே எனக்கு நேற்றுத்தான் தெரியும். கூடலூர் என்று மட்டும் சொன்னார், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ராத்திரி நான் பாத்திரம் கழுவிவிட்டு உள்ளே வந்தால், குசினியில் விறகு அடுக்கி வைத்திருந்த மூலை காலியாக இருக்கிறது. கீழே மாவுச் சாக்கு, அதன் மேல் அப்பாவின் கம்பளி. அம்மா கதவைத் திறந்து "வா சூட்டி, வந்து படு" என்றார். அவள் வாசற்படியிலேயே நின்று அம்மா முகத்தைப் பார்த்தாள். அம்மா மறுபடியும் கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்தாள். கம்பளியை மோந்து பார்த்து, மூன்று சுற்றுச் சுற்றி, மூக்கை அதற்குள்ளே புதைத்துக்கொண்டு படுத்தாள். சாமி மாடம் இருக்கிற காம்பராவுக்கு வரக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. வாசற்படியில் ஒரு பலகையைக் குறுக்கே வைத்திருக்கிறோம், அவள் அதைத் தாண்டுவதில்லை.

பிள்ளைக்கு இந்த இரண்டு ராத்திரியும் இழுப்பு வரவில்லை. வியாழக்கிழமை கிளினிக், டொக்டரிடம் சொல்வேன். தடுப்பூசி போடுகிறவர்கள் அடுத்த மாசம் பிரட்டுக்களத்துக்கு வருவார்களாம். மாமாவிடம் அம்மாவே பேசிவிட்டார். எதிர் லயத்துப் பையன் பின்னேரத்தில் வந்து சூட்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகிறான். சங்கிலியை இன்னும் கொண்டு வருகிறான்.

மருந்துப்பெட்டி அண்ணா, ஒன்று மட்டும் கேட்கிறேன். அவளுக்குக் கருத்தடை செய்யவில்லை. ஆறு வயசாகிவிட்டது, பிந்திவிட்டதா?

மருந்துப்பெட்டி எழுதியது:

பிந்தவில்லை தங்கச்சி. ஆறு வயசு நாய்க்கும் செய்கிறார்கள். முதலில் வைத்தியரிடம் காட்டி உடம்பு எப்படி என்று பார்க்கச் சொல்லுங்கள். திகதி தந்தால் முதல் நாள் ராத்திரியோடு சாப்பாட்டை நிறுத்த வேண்டும், காலையில் ஒன்றும் கொடுக்க வேண்டாம். அம்மாவிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அந்த அகப்பைச் சோற்றை எடுத்து வைத்துவிடப் போகிறார். அந்தக் கம்பளியையும் கூடவே கொண்டு போங்கள். மயக்கம் தெளிகிற நேரத்தில் நன்றாகக் குளிரும்.