ஜிஆர் 86 முன் நம்பர் பிளேட்: டோ ஹூக் மவுண்ட் ஹைவேல சாஞ்சு போகுது, பம்பர்ல ஓட்டை போடாம என்ன பண்ணலாம்?

ஃப்ரீமான்ட்86:
எல்லாருக்கும் வணக்கம். டொயோட்டா ஜிஆர் 86, 2024 மாடல், மேனுவல். கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட்ல இருக்கேன். வாங்கும்போதே முன் பம்பர்ல ஸ்க்ரூ அடிக்க கூடாதுன்னு டீலர்கிட்ட பேப்பர்லயே எழுதி வாங்கிட்டேன், அதனால பிளேட்டையும் பிராக்கெட்டையும் டிக்கில போட்டு குடுத்துட்டாங்க. ஓட்டை போடாம மாட்டணும்னு டோ ஹூக் மவுண்ட் (காரை இழுக்குற கொக்கி திருகுற ஓட்டைல மாட்டுறது) ஆர்டர் பண்ணி அது வந்து சேர்றதுக்குள்ள 880 ஹைவேல சிஎச்பி (கலிஃபோர்னியா ஹைவே போலீஸ்) நிறுத்தி முன் பிளேட் இல்லன்னு ஃபிக்ஸ் இட் டிக்கெட் (சரி பண்ணி காட்ட சொல்ற டிக்கெட்) குடுத்துட்டாரு.

இப்ப மவுண்ட் மாட்டியாச்சு. பம்பர் ஓரத்துல இருக்க சின்ன மூடிய எடுத்துட்டு உள்ள இருக்க மரைல ராடை திருகி, முனைல பிளேட்டை பிடிக்கிற டைப். ஊருக்குள்ள ஓட்டுறப்ப ஒரு பிரச்சினையும் இல்ல. 680 ஹைவேல சுனோல் ஏத்தத்துல 65 மைல் வேகத்துல போய்ட்டு இறங்கி பாத்தா பிளேட் ஒரு பக்கமா சாஞ்சு நிக்குது, கையால அசைச்சா ஆடுது. டைட் பண்றேன், அடுத்த தடவை ஹைவே போனா திரும்ப அதே மாதிரி. லாக்டைட் (மரை லூசாகாம பிடிக்கிற பசை) ஊத்திடலாமா? இல்ல இந்த டைப்பே நமக்கு ஒத்து வராதா? டிக்கெட்டுக்கு கையெழுத்து வாங்க கெடு நெருங்குது, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மரைஆணி:
லாக்டைட்டை அப்புறம் பாத்துக்கலாம் ப்ரோ, முதல்ல எது லூசாகுதுன்னு கண்டுபிடிங்க. இந்த மவுண்ட்ல சுத்துறதுக்கு ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு ராடு கார் மரைக்குள்ள போற இடம், இன்னொண்ணு ராடோட முனைல பிளேட் பிராக்கெட் பிடிக்கிற இடம். வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி பிளேட் சாஞ்சா மாதிரி தான் தெரியும். பெயிண்ட் மார்க்கர் ஒண்ணு எடுத்து லாக் நட்டு (ராடு திரும்பாம இறுக்கி பிடிக்கிற நட்டு) மேல ஆரம்பிச்சு ராடு வழியா பிராக்கெட் வரைக்கும் ஒரே நேர் கோடா இழுங்க, ஹைவேல ஒரு சுத்து போய்ட்டு வந்து கோடு எங்க உடைஞ்சிருக்குன்னு பாருங்க, அங்க தான் பிரச்சினை.

நட்டுக்கும் ராடுக்கும் நடுவுல உடைஞ்சிருந்தா, இல்ல கோடு உடையாம நட்டும் சேந்தே மொத்தமா திரும்பியிருந்தா, டார்ச் அடிச்சு அந்த லாக் நட் எதை அழுத்துதுன்னு பாருங்க. அது உள்ள இருக்க இரும்பு மரையோட முகத்துல போய் உக்காரணும். நிறைய பேருக்கு அது பம்பர் பிளாஸ்டிக் ஓரத்துல முட்டிக்கிட்டு நின்னுடும். பிளாஸ்டிக் அழுத்தத்துக்கு கொஞ்சம் கொஞ்சமா விட்டு குடுக்கும், அதுலயும் வெயில்ல நின்ன காருன்னா இன்னும் சீக்கிரம் இளகும், நட் தானா லூஸ் ஆயிடும். எத்தனை தடவை டைட் பண்ணாலும் நிக்காது, பம்பர் தான் அமுங்கி பெயிண்ட் கீறும்.

இன்னொரு முக்கியமான விஷயம், டிக்கில டூல் கிட்டோட கம்பெனி டோ ஹூக் இருக்கும், அதையும் கிட் ராடையும் பக்கத்துல பக்கத்துல வச்சு மரை ஒத்து வருதான்னு பாருங்க. ரெண்டும் கையாலயே கடைசி வரைக்கும் லேசா உள்ள போகணும். ரெண்டு சுத்துலயே இறுகுச்சுன்னா வேற மரை, ஸ்பேனர் போட்டு திருகாதீங்க. அந்த மரை பம்பருக்கு பின்னால இருக்க பீமோட சேந்தது, மரை போச்சுன்னா வேலை பெருசு, அதோட கார் வழில நின்னா ஃபிளாட்பெட் லாரில இழுத்து ஏத்த அந்த ஓட்டை தான் வேணும். அதே காரணத்துக்கு தான் சிவப்பு லாக்டைட் வேண்டவே வேண்டாம்னு சொல்றேன், அதை சூடு காட்டாம கழட்ட முடியாது. நீலம்னா ஸ்பேனராலயே கழட்டிடலாம், ஆனா எண்ணெய் இல்லாத சுத்தமான மரைல போட்டு ஒரு நாள் விடணும்.

எல்_கேமினோ_அண்ணா:
தம்பி, டிக்கெட் விஷயம் நான் சொல்றேன். கலிஃபோர்னியா வெஹிக்கிள் கோட் 5200 படி ரெண்டு பிளேட் குடுத்தா முன்னாலயும் பின்னாலயும் மாட்டணும். எப்படி மாட்டணும்ங்கறது 5201ல இருக்கு. ஆடாம இறுக்கமா இருக்கணும், எழுத்து நேரா தெளிவா தெரியணும், முன் பிளேட் தரைல இருந்து 60 இன்ச்சுக்கு மேல போக கூடாது. 12 இன்ச்சுக்கு கீழ வர கூடாதுங்கறது பின் பிளேட்டுக்கு மட்டும் தான், அதனால நம்ம மாதிரி தாழ்வான காருக்கு முன்னால கீழ மாட்டுறதுல சிக்கல் இல்ல. நடுவுல தான் இருக்கணும்னும் எங்கயும் சொல்லல, ஓரத்துல இருக்க டோ ஹூக் மவுண்ட் தாராளமா செல்லும். ஆனா ஆடுற பிளேட் செல்லாது, அதை சரி பண்ணிட்டு போங்க.

மாட்டினதும் போலீஸ் ஸ்டேஷனோ சிஎச்பி ஆபீஸோ போனா ஆபிசர் வெளிய வந்து பாத்துட்டு டிக்கெட்ல கரெக்‌ஷன் பகுதில கையெழுத்து போடுவாரு, போறதுக்கு முன்னால போன் பண்ணி நேரம் கேட்டுக்கோங்க. அதை கெடுவுக்குள்ள கோர்ட்டுக்கு குடுத்து 25 டாலர் கட்டினா முடிஞ்சுது. கையெழுத்து வாங்கிட்டோம்னு அதோட விட்றாதீங்க, கோர்ட்டுக்கு போய் சேரலன்னா கேஸ் அப்படியே நிக்கும், தொகையும் ஏறும். அப்புறம் பிளேட் மேல கருப்பு கவர், புகை கலர் கவர் எதுவும் போடாதீங்க, அதுக்கு தனியா டிக்கெட் வரும்.

சன்னிவேல்_மியாட்டா:
எதுக்கு இவ்ளோ கஷ்டம், டேஷ்போர்டு மேல கண்ணாடிகிட்ட வச்சா போதாதா? இல்ல வெல்க்ரோ? என் ஃப்ரெண்டு அப்படித்தான் ஓட்டுறான்.

எல்_கேமினோ_அண்ணா:
வேணாம்ப்பா. கண்ணாடில என்ன வைக்கலாம்னு 26708ல இருக்கு, டிரைவருக்கு எதிர் பக்கம் கீழ் மூலைல 7 இன்ச் சதுரத்துக்குள்ள அடங்குறதுக்கு அனுமதி உண்டு. பிளேட் 12க்கு 6 இன்ச், எப்படி வச்சாலும் அதுக்குள்ள அடங்காது. வெயில் அடிச்சா கண்ணாடி மினுக்குல வெளிய இருந்து நம்பரும் தெரியாது. அதோட இவர் கார்ல ஐசைட் (கேமரா வச்சு முன்னால பாத்து டிரைவருக்கு உதவுற சிஸ்டம்) இருக்கு, ரெண்டு கேமராவும் கண்ணாடி உள்பக்கம் மேல தான் உக்காந்திருக்கு, டேஷ்ல கெடக்குற பிளேட் வெயில்ல பளபளத்து அதே கண்ணாடில நிழலா விழுந்தா டிரைவருக்கும் தொல்லை, கேமராவுக்கும் நல்லதில்ல. வெல்க்ரோ சூட்டுல பசை விட்டு ஹைவேல பறந்துச்சுன்னா பின்னால பைக்ல வர்றவன் கதி என்ன? திருடுறவனுக்கும் சுலபம், திருடின பிளேட்டை வேற கார்ல மாட்டி டோல் தாண்டினா பில் உங்க வீட்டுக்கு வரும்.

பின்இஞ்சின்:
நான் போர்ஷே 911 வச்சிருக்கேன், இதுவும் டோ ஹூக் மவுண்ட் தான். எங்களுக்கு வேற தலைவலி, ரேடியேட்டர்கள் முன் பம்பரோட ரெண்டு ஓரத்துலயும் இருக்கு, டோ ஹூக்கும் ஓரத்துல, அதனால பிளேட் காத்து போற வாயை கொஞ்சம் மறைக்கும். பிளேட்டை மேல தூக்கி வைக்கிற மாதிரி பிராக்கெட் பாத்து வாங்கினேன். 86ல ரேடியேட்டர் நடுவுல இருக்கறதால ஓரத்துல மாட்டுறது உண்மையிலயே நல்ல இடம். கிரில் வலைல கிளாம்ப் பண்ற மவுண்டும் ஓட்டை இல்லாத வழி தான், ஆனா அது நடுவுல காத்து வழில வரும், தெருவுல ஓட்டுறதுக்கு பரவால்ல, டிராக்குக்கு போறவங்க கழட்டிட்டு போங்க. ரேடார் குரூஸ் (முன்னால போற காரை பாத்து வேகத்தை தானா மாத்துறது) உள்ள கார்னா இன்னும் கவனம், நிறைய கார்ல ரேடார் கிரில் நடுவுலயோ அதுக்கு கீழயோ தான் ஒளிஞ்சிருக்கும்.

டீலர் ஏற்கனவே ஓட்டை போட்டுட்ட கார் வாங்கினவங்களுக்கு ஒரு வார்த்தை, பாடி கலர்லயே பிளாஸ்டிக் பிளக் கிடைக்குது, அதை வச்சு அடைச்சா பத்தடி தள்ளி தெரியாது. மொத்தமா மறைக்கணும்னா பம்பர் பெயிண்ட் அடிக்கணும், அது நல்ல செலவு.

லாங்ட்ரைவ்_குமார்:
கலிஃபோர்னியால மட்டும் இன்னொரு வழி இருக்கு, டிஎம்வி (வண்டி பதிவு பண்ற அரசு ஆபீஸ்) அனுமதியோட விக்கிற வினைல் பிளேட், பம்பர் வளைவுலயே ஸ்டிக்கர் மாதிரி ஒட்டிக்கும். 2022ல ஏபி 984 சட்டம் வந்த அப்புறம் இந்த மாதிரி மாற்று பிளேட்டெல்லாம் நிரந்தர திட்டமாச்சு. ஸ்போர்ட்ஸ் காருக்கு பாக்க அழகா இருக்கும். ஆனா அனுமதி உள்ள கம்பெனி வழியா மட்டும் வாங்குங்க, பிரிண்ட் கடைல அடிச்சு ஒட்டினா அது போலி பிளேட்.

நான் இப்ப ஒஹாயோ வந்துட்டேன், இங்க 2020 ஜூலை 1ல இருந்து முன் பிளேட்டே வேணாம்னு ஆக்கிட்டாங்க. ஆனா அங்க கலிஃபோர்னியால பதிவு பண்ண காருக்கு இது பொருந்தாது.

ஃப்ரீமான்ட்86:
மரைஆணி சொன்ன மாதிரி கோடு இழுத்து சுனோல் வரைக்கும் போய்ட்டு வந்தேன். முனை பக்கம் கோடு அப்படியே இருக்கு, நட்டுகிட்ட உடைஞ்சிருக்கு. டார்ச் அடிச்சு பாத்தா வாஷர் பிளாஸ்டிக் ஓட்டையோட கீழ் விளிம்புல உக்காந்திருந்தது, விளிம்புல அரை வட்டமா பளபளன்னு அமுங்கின தடம். கம்பெனி ஹூக்கோட ஒத்து பாத்தேன், மரை ஒண்ணு தான்.

இரும்பு முகம் வரைக்கும் நட்டை எப்படி கொண்டு போறது? ஓட்டைக்குள்ள ஸ்பேனர் திரும்ப இடமே இல்ல.

மரைஆணி:
அப்ப நட்டை உள்ள கொண்டு போகாதீங்க, நடுவுல ஒரு ஸ்பேசர் குழாய் குடுங்க. ராடு உள்ள நுழையுற அளவு துளை, வெளி விட்டம் பம்பர் ஓட்டையை தொடாத அளவு, நீளம் இரும்பு முகத்துல இருந்து பம்பருக்கு கொஞ்சம் வெளிய வர்ற அளவு. ஹார்டுவேர் கடைல அலுமினியம் ஸ்பேசர் கிடைக்கும். ராடை அடி தட்டுற வரைக்கும் திருகி, பிளேட் நேரா வர்ற வரைக்கும் மட்டும் பின்னால எடுங்க, ஒரு சுத்துக்குள்ளயே வந்துடும், அப்புறம் ஸ்பேசர், வாஷர், நட். இப்ப வெளிய இருந்தே தாராளமா ஸ்பேனர் போட்டு இறுக்கலாம், அழுத்தம் முழுக்க இரும்பு மேல போகும், பிளாஸ்டிக்கை எதுவும் தொடாது. இறுக்குறப்ப பிளேட்டை ஒரு கையால பிடிச்சுக்கோங்க, இல்லன்னா ராடு நட்டோட சேந்து சுத்திடும்.

ஃப்ரீமான்ட்86:
ஸ்பேசர் போட்டு நீல லாக்டைட்டும் வச்சு ஒரு நாள் விட்டுட்டு 680ல போய்ட்டு வந்தேன், கோடு துளி கூட நகரல. பம்பர்ல எங்கயும் ஓட்டை இல்ல. நேத்து ஸ்டேஷன்ல ஆபிசர் பிளேட்டை கையால பிடிச்சு ஆட்டி பாத்துட்டு கையெழுத்து போட்டுட்டாரு, கோர்ட்டுக்கும் அனுப்பி பணம் கட்டியாச்சு. மரைஆணி ப்ரோ, எல்_கேமினோ அண்ணா, ரெண்டு பேருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. மெஷின் கார் வாஷ்ல இதை அப்படியே விடலாமா?

பின்இஞ்சின்:
பிரஷ் சுத்துற வாஷ்க்கு போகாதீங்க, பிரஷ் பிளேட் ஓரத்துல மாட்டி இழுத்தா பிளேட் வளைஞ்சுடும். பிரஷ் இல்லாத வாஷ், கை வாஷ் ரெண்டும் ஓகே. பார்க்கிங்ல மூக்கை சுவத்துகிட்ட ஒட்டி விடாதீங்க, ராடு பம்பரை தாண்டி வெளிய நிக்குது, முட்டினா அடி நேரா பீமுக்கு போகும். அந்த சின்ன மூடிய மட்டும் பத்திரமா எடுத்து வைங்க, கார் விக்கிறப்ப தேவைப்படும்.