மறுமொழி: பாய்ச்சல் கட்டுப்பாடு போதுமா? ‘ஏற்பளவு’, ‘தாங்களவு’ பற்றி

அனைவருக்கும் வணக்கம்.

கணினி வலையமைப்பில் பெறுநருக்கு ஏற்றபடி அனுப்பும் வேகத்தை அடக்குகிற ஃபுளோ கொன்ட்ரோலுக்குப் ‘பாய்ச்சல் கட்டுப்பாடு’, நடுவிலுள்ள பாதை நெரியாதபடி அடக்குகிற கொன்ஜெஸ்சன் கொன்ட்ரோலுக்கு ‘நெரிசல் கட்டுப்பாடு’ என்று கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம் என்கிற இடத்துக்கு இந்த இழை வந்திருக்கிறது. இரண்டாவதோடு எனக்குச் சண்டை இல்லை. முதலாவது சொல்லில் பிழை என்று காட்ட ஒன்றும் கிடையாது, ஆனால் வகுப்பில் அது எதையும் விளங்கப்படுத்தாது.

யாழ்ப்பாணத்தில் வலையமைப்புப் பாடம் எடுக்கிற எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். பிள்ளைகள் உயர்தரம் வரை எல்லாவற்றையும் தமிழில் படித்துவிட்டு வருகிறார்கள். பல்கலைக்கழகத்தில் விரிவுரை, பரீட்சை எல்லாம் ஆங்கிலம். விடைத்தாளில் இந்த இரண்டும் கலந்துவிடும். “பெறுநரிடம் நெரிசல் ஏற்பட்டதால் ஃபுளோ கொன்ட்ரோல் வேலை செய்தது” என்கிற மாதிரி வசனங்கள் வரும். பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. இரண்டிலும் கட்டுப்படுத்தப்படுவது பாய்ச்சல்தானே? அனுப்புநர் அனுப்பும் வேகத்தைத்தான் இரண்டும் குறைக்கின்றன. வேறுபாடு, யாருக்காகக் குறைக்கிறோம் என்பதில் இருக்கிறது. பெறுநருக்காகவா, நடுவிலுள்ள பாதைக்காகவா? ‘பாய்ச்சல்’ என்ற சொல் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. ஆங்கிலச் சொல்லும் திறப்பதில்லை, சரி. அந்தக் குறையையும் சேர்த்து நாம் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?

இது வெறும் சொல் நுணுக்கம் என்று நினைப்பவர்கள், இணையத்தில் தரவைப் பத்திரமாகக் கொண்டு சேர்க்கும் நெறிமுறையான டிசிபியின் கதையைப் பாருங்கள். 1981 செப்டெம்பரில் வந்த அதன் விதிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 793இல் பெறுநருக்கான கட்டுப்பாடு மட்டுமே இருந்தது. பெறுநர் தன்னிடம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று ஒவ்வொரு பொதியிலும் (தரவைத் துண்டாக்கி அனுப்பும் பொட்டலம்) எழுதி அனுப்பும், அனுப்புநர் அதை மீறாது. அவ்வளவு போதும் என்றுதான் எண்ணினார்கள். 1986 ஒக்டோபரில் லோரன்ஸ் பெர்க்லி ஆய்வுகூடத்துக்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே, அரைக் கிலோமீற்றர்கூட இல்லாத தூரத்தில், வினாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த இணைப்பு 40 பிட்டுக்கு விழுந்தது. பெறுநர்களின் இடையகத்தில் (வந்த தரவு தற்காலிகமாகத் தங்கும் நினைவகம்) இடம் இல்லாததால் வந்த வினை அல்ல இது. நடுவில் வழிப்படுத்திகளின் (ரவுட்டர்களின்) வரிசைகள் நிரம்பிப் பொதிகள் தொலைந்தன; தொலைந்ததை எல்லோரும் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள்; வரிசை இன்னும் நிரம்பியது. அதே ஆய்வுகூடத்தின் வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகுதான் பாதைக்கென்று இரண்டாவது வரம்பு ஒன்று டிசிபிக்குள் நிலைத்தது. அதை அமைத்தவர்களே ஓர் அடி வாங்கிய பிறகுதான் பிரித்துப் பார்த்த இரண்டை, இரண்டாம் வருடப் பிள்ளை சொல்லின் உதவி இல்லாமலே பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

கோப்பாய், நீர்வேலிப் பக்கத்துத் தோட்டங்களில் இறைப்பு நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு நிமிடத்தில் விளங்கும். வெங்காயப் பாத்தி நிரம்பினால் தண்ணீர் மாறுகிறவர் “மிசினை நிப்பாட்டு” என்று கூப்பிடுவார். அது முதல் கட்டுப்பாடு, ஆள் நின்று சொல்கிறார். வாய்க்கால் நடுவில் உடைத்துக்கொண்டு ஓடினால் கூப்பிட அங்கே யாரும் இல்லை. தண்ணீர் வந்து சேரவில்லை என்பதை வைத்து மிசினடியில் நிற்பவர்தான் ஊகிக்க வேண்டும். அது இரண்டாவது.

இந்த ‘சொல்வது, ஊகிப்பது’ வேறுபாட்டைச் செய்முறை வகுப்பில் கண்ணாலேயே காட்டலாம். வலையில் போகும் பொதிகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் ஒரு டிசிபி பொதியைத் திறந்தால் தலைப்பில் (பொதியின் முன்னால் வரும் தகவல் பகுதி) ‘விண்டோ’ என்று 16 பிட் புலம் இருக்கும். அதிகபட்சம் 65,535 பைட். அது போதாமல் போய்ப் பிறகு பெருக்கும் விருப்பத்தேர்வு ஒன்றைச் சேர்த்தார்கள். இது பெறுநர் சொல்வது. உடனே யாராவது ஒரு பிள்ளை, பாதைக்கான வரம்பாகிய கொன்ஜெஸ்சன் விண்டோ எந்தப் புலத்தில் இருக்கிறது என்று தலைப்பு முழுக்கத் தேடும். கிடைக்காது. அது பொதியில் ஏறுவதே இல்லை, அனுப்புநரின் நினைவகத்துக்குள் மட்டும் இருக்கிற எண். லினக்ஸ் கணினியில், இணைப்புகளின் நிலையைக் காட்டும் ‘எஸ்எஸ்’ கட்டளையைக் கொடுத்து அனுப்புநர் பக்கத்தில் பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே முன்பே சொன்ன என் முன்மொழிவு: பெறுநர் அறிவிக்கும் எண்ணுக்கு ‘ஏற்பளவு’, பாதைக்காக அனுப்புநர் ஊகித்து வைத்திருக்கும் எண்ணுக்குத் ‘தாங்களவு’. ஏற்பு + அளவு, தாங்கு + அளவு. ஃபுளோ கொன்ட்ரோல் அதன்படியே ஏற்பளவுக் கட்டுப்பாடு ஆகும், நெரிசல் கட்டுப்பாடு அப்படியே இருக்கும். வசனத்தில் போட்டுப் பாருங்கள்: “ஏற்பளவு, தாங்களவு இரண்டில் எது சிறியதோ, அதற்கு மேல், கிடைத்ததென்று விடை வராத பைட்டுகளை அனுப்புநர் வெளியே வைத்திருக்கக் கூடாது.” விளக்கக் குறிப்பு இல்லாமலே நிற்கிறது.

‘கொள்ளளவு’ ஏற்கெனவே இருக்கிறதே என்று கேட்ட ஐயாவுக்கு: அந்தச் சொல் வேண்டும், வேறு வேலைக்கு. இடையகத்தின் மொத்தக் கொள்ளளவு 64 கிலோபைட் என்று வையுங்கள். செயலி இன்னும் எடுக்காமல் 60 கிலோபைட் கிடக்கிறது. இப்போது ஏற்பளவு 4. இன்னும் நிரம்பினால் ஏற்பளவு பூச்சியம், அனுப்புநர் நின்று, இடம் வந்ததா என்று இடையிடையே தட்டிப் பார்க்கும். கொள்ளளவு மாறவே இல்லை.

‘தாங்களவு’ வேகமாக வாசிக்கும்போது ‘தாங்கள்’ என்று தடுக்குகிறது என்று சென்னை நண்பர் எழுதியிருந்தார். தடுக்குகிறதுதான். அவர் தந்த ‘தாங்குதிறன்’ நல்ல சொல், ஆனால் அது பாலத்துக்கும் தூணுக்கும் பழகிய சொல், ஒரு நிலையான குணத்தைச் சொல்வது. இங்கே எண் ஒவ்வொரு சுற்றிலும் ஏறி, பொதி தொலைந்தால் விழுகிறது. நான் தடுக்கலோடு வாழத் தயார்.

‘விண்டோ’வுக்கான ‘சாளரம்’ போகட்டும் என்று நான் சொல்லவில்லை. (எங்கள் பக்கம் அது யன்னல், அந்தச் சண்டைக்கு இன்றைக்கு வேண்டாம்.) நகரும் சாளரம் என்ற உத்தியில் உண்மையாகவே ஒரு சட்டகம் பைட்டுகளின் மேல் நகர்கிறது, படம் பொருந்துகிறது. வெறும் எண்களுக்கு அந்தப் படம் தேவையில்லை.

இன்னொரு ஆதாயமும் உண்டு. மென்பொருள் பொறியியல் பாடத்தில் ‘பேக்பிரஷர்’ என்று படிப்பிக்கிறார்களே, அதுவும் இதே சங்கதிதான். ஒரு சேவை செய்திகளைத் தள்ளுகிறது, மறுபக்கம் எடுத்து முடிக்க முடியவில்லை. 2017இல் ஜாவா நிரல்மொழியின் 9ஆம் பதிப்பில் வந்த ஃபுளோ இடைமுகங்களில், வாங்குகிற பக்கம் ‘இத்தனை உருப்படி தா’ என்று எண்ணைக் கேட்டுத்தான் வாங்கும். அந்த எண்ணையும் ஏற்பளவு என்றே சொல்லலாம். குழுச் செயற்றிட்டத்தில் வரிசை நிரம்பி நினைவகம் தீர்ந்து செயலி விழுந்த பிள்ளைகளுக்கு, வலையமைப்புப் பாடத்தில் படித்த அதே சொல் அங்கே கைகொடுக்கும்.

பரீட்சை ஆங்கிலத்தில் இருக்க இதெல்லாம் எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். விரிவுரை முடிந்து கன்டீனில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் விளங்கப்படுத்தும்போது பிள்ளைகள் பேசுவது தமிழ். விளக்கம் நடப்பது அங்கேதான். 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் அமெரிக்க மிசன் மருத்துவரான கிறீன் வைத்தியர் மருத்துவத்தையே தமிழில் படிப்பித்தார். பொதி அனுப்புவதைத் தமிழில் பேச நாம் கூச்சப்படத் தேவையில்லை.

தாங்களவைச் சிறிதாகத் தொடங்கி ஏற்றுகிற ‘ஸ்லோ ஸ்டார்ட்’ பற்றியும் கேட்டிருந்தீர்கள். ‘மெதுத் தொடக்கம்’ என்றால் ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாகிற ஒன்றுக்குப் பொருந்தாது என்பது நியாயமான கேள்வி. முன்பு எடுத்த எடுப்பில் சாளரம் முழுவதையும் கொட்டினார்கள், அதோடு ஒப்பிட்டால்தான் இது மெது. எனக்கு ‘சிறுதொடக்கம்’ கொஞ்சம் பிடிக்கிறது. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே கலக்க வேண்டாம். ஏற்பளவு, தாங்களவு இரண்டுக்கும் ஆட்சேபம் உள்ளவர்கள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள். அந்த மாற்றுச் சொல்லை மேலே உள்ள வசனத்தில் போட்டு அனுப்பினால் இன்னும் நல்லது.