சோலை மண்ணுக்குள்ள வச்ச சிஓ2 சென்சார் தினமும் இறங்கிட்டே போகுது, உதவி பண்ணுங்க

கோத்தகிரி_சருகு:
வணக்கம்ங்க. எம்எஸ்சி ப்ராஜெக்ட். தாத்தாவோட தேயிலைத் தோட்டத்துக்குப் பின்னாடி ஒரு சின்ன சோலைத் துண்டு இருக்கு (சொந்த இடம் தான், பர்மிஷன் பத்தி யாரும் கிளாஸ் எடுக்காதீங்க ப்ளீஸ்). அங்க ரெண்டு பிவிசி பைப்ப 15 செமீ, 40 செமீ ஆழத்துக்கு இறக்கி, அடியில ஓட்டை போட்டு டெஃப்லான் டேப் சுத்தி, உள்ள ஆளுக்கொரு சென்சார் வச்சிருக்கேன். விலை கம்மியான சென்சார், 10,000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காத்துல எத்தன பங்கு சிஓ2-ங்கற கணக்கு) வரைக்கும் காட்டும். முதல் நாள் மேல 2,900, கீழ 6,100. சூப்பர்னு நெனச்சேன். அப்புறம் ரெண்டும் சேர்ந்து இறங்க ஆரம்பிச்சு, எட்டாவது நாள் ரெண்டுமே நானூத்திச் சொச்சம். வெளிக்காத்துலயே அவ்வளவு இருக்கே, மண்ணுக்குள்ள எப்படிங்க? நேத்து ராத்திரி நல்ல மழை, உடனே 1,500 கூடிப்போச்சு, இன்னும் இறங்கல. கைடு "மண்ணு செத்துப்போச்சா"ன்னு சிரிக்கறார்.

பனிமூட்டம்:
குளிர் தான் தம்பி. ரெண்டு வாரமா இங்க வெயிலே இல்ல. மண்ணு குளுந்தா நுண்ணுயிர் எல்லாம் போத்திட்டு தூங்கிரும். பத்து டிகிரி கொறஞ்சா சருகு மக்குற வேகம் கிட்டத்தட்ட பாதியாகும்.

சால்டரிங்_அண்ணன்:
மேல சொன்ன கணக்கு சரி, ஆனா இங்க ஒட்டாது. குளிர்னா மொதல்ல 15 செமீ தானே இறங்கணும்? 40 செமீல வெப்பம் அவ்வளவு லேசுல மாறாது. ரெண்டும் ஜோடி போட்டு இறங்குதுன்னா சந்தேகம் மண்ணு மேல இல்ல, மெஷின் மேல. தம்பி, கிராஃப் வழவழன்னு இறங்குதா, இல்ல படிக்கட்டு மாதிரியா? படின்னா எத்தன மணிக்கு?

கோத்தகிரி_சருகு:
அண்ணா... படி தான். தினமும் சாயங்காலம் 4:10. நான் பவர் போட்டதே அந்த நேரத்துல தான் 😳

சால்டரிங்_அண்ணன்:
மாட்டிக்கிச்சு. அதுக்குள்ள ஆட்டோ கேலிப்ரேஷன்னு ஒண்ணு ஆன்ல இருக்கு. இந்த சென்சார் எல்லாம் ஆபீஸ் ரூமுக்குன்னு செஞ்சது, ராத்திரி ஆளில்லாதப்ப ரூம் வெளிக்காத்து அளவுக்கு வந்துரும்னு நம்பி, 24 மணி நேரத்துல பாத்ததுலயே கம்மியான அளவ 400-னு வச்சுக்கப் பாக்கும். நீ அத மண்ணுக்குள்ள பொதைச்சுட்ட, அது பாவம் வெளிக்காத்த பாக்கவே இல்ல, 2,900-ஐயே 400-னு கொஞ்சம் கொஞ்சமா திருத்திக்கிச்சு. அத ஆஃப் பண்ணு. வெளிய காத்தாட்டமா அரை மணி நேரம் வச்சு 400-க்கு செட் பண்ணிட்டு திரும்ப இறக்கு. வைக்கறப்போ மூஞ்சிய கிட்ட கொண்டு போகாத, நம்ம மூச்சுல 40,000 பிபிஎம் இருக்கு. இன்னொண்ணு, கோத்தகிரி உயரத்துல காத்தழுத்தம் சமவெளில இருக்கறதுல அஞ்சுல நாலு பங்கு தான். 400-ல சரியா காட்டினாலும் 6,000-ல கம்மியா தான் காட்டும், அழுத்தத்துக்குத் திருத்தம் போடு.

மண்ணு_அக்கா:
சென்சார் முடிஞ்சுது, நான் மழைக்கு வர்றேன். மழைக்கப்புறம் எண்ணு ஏறினதப் பாத்துட்டு "மழை பெஞ்சா மண்ணு நெறைய சிஓ2 விடுது"ன்னு ரிப்போர்ட்ல எழுதிடாத கண்ணு. உள்ள எவ்வளவு தேங்கி இருக்குங்கறது வேற, வெளிய எவ்வளவு போகுதுங்கறது வேற. வேர் மூச்சு விடுறது பாதி, சருகையும் மக்கையும் தின்னுற பூஞ்சை பாக்டீரியா விடுறது பாதின்னு வச்சுக்கோ (இடத்துக்கு இடம் மாறும்). அந்தக் காத்து மண் துகளுக்கு நடுவுல இருக்கற சந்து வழியா, அதிகம் இருக்கற எடத்துலேர்ந்து கம்மியா இருக்கற எடத்துக்கு மெதுவா ஊர்ந்து மேல வரும். கீழ போகப் போக எண்ணு கூடறது அதனால தான். மழை பெஞ்சு சந்தெல்லாம் தண்ணி அடைச்சுகிட்டா? தண்ணிக்குள்ள சிஓ2 பரவுற வேகம் காத்துல பரவுறத விட சுமார் 10,000 மடங்கு கம்மி. உற்பத்தி நிக்கல, வாசல் மூடிடுச்சு, அதான் உள்ள ஏறுது.

பனிமூட்டம்:
காஞ்ச மண்ணுல மழை விழுந்தா குப்புனு வரும்னு படிச்சிருக்கேனே அக்கா?

மண்ணு_அக்கா:
அதுவும் உண்மை தான். கிழக்கு ஆப்பிரிக்கால பர்ச்ங்கறவர் 1958-லயே எழுதினது. ஆனா அது நம்ம ஊர்ல மாசி பங்குனி காஞ்சதுக்கப்புறம் விழற முதல் கோடை மழைக்குப் பொருந்தும். ஐப்பசில ஏற்கெனவே ஊறிக் கெடக்கற கோத்தகிரி மண்ணுக்கு இல்ல. வெளிய வர்றத தெரிஞ்சுக்கணும்னா பைப் வளையம் ஒண்ண அஞ்சு செமீ மண்ணுல அடிச்சு, குறைஞ்சது ஒரு நாள் சும்மா விட்டு (அடிக்கறப்போ வேர் அறுந்து, மண்ணு கலைஞ்சு காத்து தப்பிக்கும்), அதுமேல சென்சார் வச்ச டப்பா கவுத்து முதல் ரெண்டு மூணு நிமிஷத்துல சிஓ2 ஏறுற வேகத்த மட்டும் எடு. அதுக்கு மேல டப்பாவுக்குள்ளயே சேர்ந்து வேகம் சரிஞ்சிரும். சந்தேகமா இருந்தா கேளு.

கோத்தகிரி_சருகு:
அப்டேட். ஆட்டோ கேலிப்ரேஷன் ஆஃப் பண்ணி அஞ்சு நாள் ஆச்சு, 4:10 படி காணோம். மழை விட்ட நாள்ல 15 செமீ 3,000 பக்கம். முந்தாநேத்து ராத்திரி கொட்டினதுல 5,200 போச்சு, 40 செமீ 10,000-ல முட்டி நேர்க்கோடு போட்டுருச்சு. டப்பால ஏறுற வேகம் பாத்தா மழைக்கு முந்துன நாள்ல இருந்ததுல பாதி கூட இல்ல! அக்கா சொன்னத அப்படியே கைடுகிட்ட சொன்னேன். "அப்போ 40 செமீக்கு பெரிய ரேஞ்ச் சென்சார் வாங்கு"ன்னுட்டார், காசு யார் தருவான்னு சொல்லல.

சால்டரிங்_அண்ணன்:
20,000 ரேஞ்சாவது பாத்து வாங்கு. வாங்கினதும் மொத வேலை என்னன்னு நான் சொல்லணுமா?

கோத்தகிரி_சருகு:
ஆஃப் பண்றது 🙏