பின்னால் ஒளியும் மெசேஜ் பாக்ஸ்: நீங்கள் பட்ட அனுபவங்களைச் சொல்லுங்கள்

போடிக்காரன்:
ஏலக்காய் ஏலம் நடக்கும் நாளில் மட்டும் பில் போடும் சாஃப்ட்வேர் ஹேங் ஆகிறது என்று போடியில் ஒரு கடையிலிருந்து கூப்பிட்டார்கள். மற்ற நாளில் ஒரு தொந்தரவும் இல்லையாம். போய் நின்றதும் கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்னார்: "தம்பி, எங்க கிளிக் பண்ணாலும் டிங் டிங்குன்னு சத்தம்தான் வருது."

அந்த டிங்தான் துப்பு. நிஜமாகவே ஹேங் ஆன புரோகிராம் சத்தம் போடாது. கொஞ்ச நேரத்தில் வெளுத்துப்போய், தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வரும். டாஸ்க் மேனேஜரில் பார்த்தேன், அப்படி எதுவும் இல்லை. ஆக, புரோகிராம் யாருடைய பதிலுக்கோ காத்திருக்கிறது. ஆல்ட் + டேப் அடித்ததும் அகப்பட்டது: "பேக்கப் எடுக்கலாமா? ஆம் / இல்லை."

ஏலத்தன்று மட்டும் ஏன்? போடியிலோ கேரளத்துப் புற்றடியிலோ ஆன்லைனில் ஏலம் ஓடும் நேரம் அண்ணனின் கண் முழுக்க பிரவுசரில்தான் இருக்கும். பில் ஃபார்ம் (பில் போடும் விண்டோ) பின்னால் கிடக்கும். அந்த நேரம் பார்த்து, புரோகிராமுக்குள் தானாக ஓடும் டைமர் பேக்கப் கேள்வியைத் திறக்கும். வின்ஃபார்ம்ஸில் (விண்டோஸ் புரோகிராம் எழுத உதவும் டாட்நெட் கருவி) பெட்டியைத் திறக்கும் ஷோடயலாக் கட்டளையை வெறுமனே அழைத்தால், அந்த நொடியில் தன் புரோகிராமில் எந்த விண்டோ ஆக்டிவாக இருக்கிறதோ அதை ஓனராக, அதாவது பெட்டி எதற்கு மேலே நிற்க வேண்டுமோ அந்த விண்டோவாக, எடுத்துக்கொள்ளும். முன்னால் நிற்பது பிரவுசர் என்றால் ஓனரே கிடைக்காது. ஓனர் இல்லாத பெட்டி மெயின் ஃபார்முக்கு மேலேதான் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் மோடல் (பதில் சொல்லும்வரை மற்றதைத் தொடவிடாத பெட்டி) ஆயிற்றே, மெயின் ஃபார்மை மட்டும் தவறாமல் முடக்கிவிடும். பூட்டு வாசலில், சாவி கொல்லையில்.

ஷோடயலாக்குக்கு 'திஸ்', அதாவது 'இந்த ஃபார்ம்', என்று கொடுத்து (விஷுவல் பேசிக் என்றால் 'மீ') ஓனர் யார் என்று சொல்லிவிட்டேன். மெசேஜ்பாக்ஸ் ஷோவுக்கும் அப்படியே. புரோகிராமின் சோர்ஸ் கோடு கடையிலேயே இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

கொழிஞ்சாம்பாறை:
எங்கள் பக்கம் தேங்காய் மண்டியில் இதே நோய்க்கு யாரோ டாப்மோஸ்ட் (விண்டோவை எப்போதும் மேலேயே நிறுத்தும் அமைப்பு) போட்டு வைத்திருந்தார்கள்ங்க. நோயைவிட மருந்து மோசம். எடை ஃபார்ம் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும். கால்குலேட்டரைத் திறந்தாலும் அதற்கு அடியில்தான். போதாததற்கு, பிரிண்டர் 'பேப்பர் இல்லை' என்று சொல்லும் பெட்டியும் அதற்குக் கீழே போய் மறைந்துகொள்ளும். பிரிண்டர் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கையே வரவழைத்துவிட்டார்கள்.

டாப்மோஸ்டைத் தூக்கிவிட்டு, ஃபார்மைத் திறக்கும் ஷோ கட்டளையை அழைக்கும் இடத்தில் ஓனரைக் கொடுத்தேன். இப்போது எடை ஃபார்ம் மெயின் ஃபார்முக்கு மட்டும் மேலே நிற்கிறது. மெயினை மினிமைஸ் செய்தால் கூடவே இறங்கிவிடுகிறது.

நகரி:
விசைத்தறி கூலிக் கணக்கு புரோகிராமில் எனக்கு இரண்டு தொல்லை. முதல் டெக்ஸ்ட்பாக்ஸில் கர்சர் நிற்கவே இல்லை. லோட் ஈவென்டில் ஃபோக்கஸ் (கீபோர்டில் தட்டுவது போய்ச் சேரும் இடம்) கொடுத்திருந்தார்கள், அப்போது ஃபார்ம் திரைக்கே வந்திருக்காது. ஃபார்ம் திரையில் வந்தபின் நடக்கும் ஷோன் ஈவென்டுக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.

இரண்டாவது இன்னும் தீரவில்லை அண்ணா. டெலிவரி தேதி நெருங்கினால் ஃபார்ம் தானாக முன்னால் வரவேண்டும் என்கிறார் முதலாளி. ஆக்டிவேட், பிரிங்டுஃப்ரண்ட் என்ற இரண்டு கட்டளையும் போட்டாயிற்று. டாஸ்க்பாரில் ஐகான் மினுக்குவதோடு சரி.

போடிக்காரன்:
மினுக்கத்தான் செய்யும் தம்பி. பிரிங்டுஃப்ரண்ட் விண்டோக்களின் அடுக்கில் இடம் மாற்றும், ஃபோக்கஸை வாங்கித் தராது. ஆக்டிவேட் கேட்டாலும், பின்னணியில் கிடக்கும் புரோகிராம் இன்னொன்றின் கையிலிருந்து ஃபோக்கஸைப் பிடுங்க விண்டோஸ் 98 காலத்திலிருந்தே அனுமதி கிடையாது. சுற்றுவழி இருக்கிறது, ஆனால் நான் செய்து கொடுக்க மாட்டேன். முதலாளி பிரவுசரில் பணம் அனுப்பிக்கொண்டிருக்கும்போது உன் ஃபார்ம் குறுக்கே பாய்ந்து அவர் தட்டும் என்டரை வாங்கிக்கொண்டால், திட்டு உனக்குத்தான். மூலையில் வரும் நோட்டிஃபிகேஷன் போதும் என்று சொல்லிப் பார். நான் அந்த பேக்கப் கேள்வியையே டைமரிலிருந்து எடுத்து, புரோகிராமை மூடும்போது கேட்கும்படி வைத்துவிட்டேன்.