மறு: வார்ம்-அப், ஸ்ட்ரெட்சிங் ஆகியவற்றுக்குக் கலைச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஆட்டத்துக்கோ ஓட்டத்துக்கோ சற்று முன் உடலை ஆயத்தமாக்கும் வார்ம்-அப் பயிற்சிக்கு, இந்த இழையில் பெரும்பாலோர் 'உடற்சூடேற்றல்' என்ற சொல்லின் பக்கம் சாய்ந்திருப்பதால், அதை நான் ஏன் ஏற்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மயிலாப்பூர் நாகேசுவரராவ் பூங்காவுக்குக் காலையில் நடக்க வருபவர்களுக்காக நானும் இரண்டு நண்பர்களும் ஒரு துண்டறிக்கை தயாரித்தோம். அதில் 'வேகமாக நடக்கத் தொடங்கும் முன் உடலைச் சூடேற்றவும்' என்று எழுதியிருந்தோம். எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் அதைக் கண்ணருகே பிடித்து நிதானமாகப் படித்துவிட்டு, "தம்பி, சித்திரை வெயில்ல உடம்புச்சூடு தாங்காம மோரும் இளநீருமா குடிச்சிட்டு வர்றேன், இன்னும் சூடு ஏத்தச் சொல்றீங்களே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தமிழ் வழக்கில் உடற்சூடு என்பது ஒரு கோளாறு. கண்ணெரிச்சலுக்கும் வாய்ப்புண்ணுக்கும் நீர்க்கடுப்புக்கும் அதையே காரணமாகச் சொல்கிறோம். அதைத் தணிக்கவே எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறோம், வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கிறோம். தணிக்க வேண்டியது என்று தலைமுறைகளாக நம்பப்படும் ஒன்றை ஏற்றச் சொல்லும் கலைச்சொல், அகராதியில் எவ்வளவு சரியாக இருந்தாலும் மக்களிடம் தோற்றுவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் உண்டு. சென்னையில் மே மாதத்தில் வெயில் 40 பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டு. மெரினாவில் விடியற்காலையில் சும்மா நின்றாலே சட்டை நனைந்துவிடும். 'சூடேற்றல்' என்று எழுதினால், வியர்த்தவர் தமக்கு அது முடிந்துவிட்டதாகவே எண்ணிக்கொள்வார். ஆனால் இங்கே உயர வேண்டியது வேலை செய்யப்போகும் தசையின் வெப்பநிலை. தோலில் படும் வெயிலும் காற்றின் புழுக்கமும் அந்த வேலையைச் செய்துவிடுவதில்லை. மெதுவான ஓட்டத்தில் தசையின் வெப்பநிலை தொடக்கத்தின் 3 முதல் 5 நிமிடங்களில் விரைவாக ஏறி, 10 முதல் 20 நிமிடங்களுக்குள் ஏறக்குறைய ஒரு நிலைக்கு வருகிறது. அப்போது தசையின் பிசுபிசுப்பு குறைகிறது, குருதியிலிருந்து ஆக்சிசன் எளிதாகப் பிரிந்து தசைக்குப் போகிறது, நரம்பின் செய்தி விரைந்து செல்கிறது. வெப்பத்தோடு இதயத் துடிப்பும் மூட்டின் அசைவும் ஆடப்போகும் ஆட்டத்துக்கான ஒத்திகையும் இதில் அடங்கியிருப்பதால், சூடு ஒரு பகுதிதான். கோடையில் நெடுநேரம் செய்தால் உட்சூடு வீணாக ஏறி, நீண்ட ஓட்டத்தைக் கெடுக்கவும் செய்யும்.

> பறையைத் தீயில் காய்ச்சிவிட்டு அடிக்கிறோம் அல்லவா, 'உடல் காய்ச்சுதல்' என்றால் என்ன?

உவமை அழகானதுதான், ஆனால் காய்ச்சல் என்றால் மாத்திரைதான் நினைவுக்கு வரும். மேலும், பறையைக் காய்ச்சுவது தோல் இறுகுவதற்காக. நமக்கு வேண்டியது அதற்கு எதிரான இளக்கம்.

> 'ஆயத்தப் பயிற்சி' போதாதா?

பிழையில்லை, ஆனால் போட்டிக்கு மூன்று மாதம் முன்பு தொடங்குவதும் ஆயத்தப் பயிற்சிதான். ஆட்டத்துக்குச் சற்று முன் செய்வது என்ற பொருள் அதில் இல்லை.

என் முன்மொழிவு 'உடற்பதமாக்கல்', சுருக்கமாகப் 'பதமாக்கல்'. மண் பதம், பாகுப் பதம், மாவுப் பதம் என்று, ஒரு பொருள் அடுத்த வேலைக்கு ஏற்றதாக வந்து நிற்கும் நிலையைக் குறிக்க நம்மிடம் இதைவிடத் துல்லியமான சொல் கிடையாது. மழை பெய்தவுடன் ஏர் பூட்டுவதில்லை, காய்ந்து இறுகிய பின்னும் பூட்டுவதில்லை. உடலுக்கும் அதுவே பொருந்தும். 'பதப்படுத்தல்' என்ற வடிவத்தை மட்டும் தவிர்ப்போம். அது உணவுக்கும் தோலுக்கும் போய்விட்டது. தோல் ஆலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டைப் பக்கம் வளர்ந்த எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே மூக்கு அதை உணர்ந்துவிடும்.

அடுத்து ஸ்ட்ரெட்சிங். 'நீட்டல்' என்று மட்டும் வைத்தால் வரும் ஆபத்தை யாரும் குறிப்பிடவில்லை. உடற்கூற்றியலில் மூட்டை நேராக்குவதும் நீட்டல்தான், அதற்கு எதிர் மடக்கல். முன்தொடைத் தசையை நீட்ட வேண்டுமானால் முழங்காலை மடக்கி, குதிகாலைப் பின்புறத்தை நோக்கி இழுக்க வேண்டும். 'முன்தொடையை நீட்டவும்' என்று எழுதிய வரியைப் படித்து, ஒருவர் காலை முன்னால் விறைப்பாக நீட்டி நின்றதை அதே பூங்காவில் பார்த்தேன். அவர் நீட்டியது பின்தொடைத் தசையை. ஆகவே 'தசைநீட்டல்' என்றே முழுமையாக எழுத வேண்டும்; மூட்டுக்கு 'மூட்டு நிமிர்த்தல்' இருக்கட்டும். 'இழுவை', 'இழுப்பு' இரண்டும் வேண்டாம். ஒன்று மீன்பிடி வலையையும் மற்றது நோயையும் நினைவூட்டும்.

தசைநீட்டலுக்குள் இரண்டு வகையைப் பிரிக்காவிட்டால், சொல் இருந்தும் பயனில்லை. ஒரே நிலையில் பிடித்து நிற்பதை 'நிலைத் தசைநீட்டல்' என்றும், காலை வீசியும் தோளைச் சுழற்றியும் அசைவோடு செய்வதை 'இயங்கு தசைநீட்டல்' என்றும் சொல்லலாம். ஓடுவதற்கு முன் சுவரில் குதிகாலை வைத்து, நூறு எண்ணும்வரை குனிந்து நிற்கும் பழக்கம் கடற்கரையில் இன்றும் இருக்கிறது. ஒரு தசையை 60 விநாடிக்கு மேல் அப்படிப் பிடித்து வைத்துவிட்டு உடனே பாய்ந்தால், வலிமையும் பாய்ச்சலும் சில விழுக்காடு குறைகின்றன என்பது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. குறைந்த நேரம் பிடித்தால் இழப்பு மிகச் சிறியது. ஆகவே அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் அதையே பதமாக்கல் என்று எண்ணிவிடக் கூடாது. மறுநாள் வரும் தசைவலியை முன்னும் பின்னும் செய்யும் நீட்டல் குறிப்பிடத்தக்க அளவு குறைப்பதில்லை என்பதையும் துண்டறிக்கையில் சேர்க்க வேண்டும். பதமாக்கலுக்கு எடுத்துக்காட்டாக, கால்பந்தாட்டக்காரர்களுக்கென வகுக்கப்பட்ட 'ஃபிஃபா 11+' பயிற்சியையே பாருங்கள்: ஏறத்தாழ 20 நிமிடம், 8 நிமிடம் மெதுவான ஓட்டம், 10 நிமிடம் வலிமையும் சமநிலையும் தாவலும், 2 நிமிடம் வேக ஓட்டம். 2008இல் வெளியான நார்வே ஆய்வில் இளம் பெண் ஆட்டக்காரர்களிடையே காயங்களை அது குறைத்தது.

பயிற்சி முடிந்தபின் உடலை மெல்ல இயல்புநிலைக்குக் கொண்டுவரும் கூல்-டவுனுக்கு 'தணிப்பு' போதும். 'ஆற்றல்' என்றால் பொருள் மாறிவிடும்.

போன வாரம் திருத்திய படியை அந்தப் பெரியவரிடமே கொடுத்தேன். 'உடலைப் பதமாக்கிக்கொண்டு வேகமாக நடக்கவும்' என்ற வரியைப் படித்தவர், "பதம் வந்துட்டதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்றார். 'சூடேற்றல்' என்று எழுதியபோது யாரும் கேட்காத கேள்வி இது. மூச்சு சற்றே கூடியிருக்கும், ஆனால் பேச முடியும். எழுந்தபோது இருந்த முழங்கால் இறுக்கம் விட்டிருக்கும். அடி தானாக நீளும் என்று சொன்னேன். அவர் முதல் சுற்றை மெதுவாகவே நடந்தார்.

இந்த விடையையும் இரண்டு வரிகளாக அறிக்கையில் சேர்த்திருக்கிறேன். அச்சுக்குக் கொடுக்கும் முன், 'நிலை', 'இயங்கு' என்ற அடைமொழிகளுக்கு இதைவிட எளிய சொற்கள் தோன்றினால் தெரிவியுங்கள்.